எதிர்காலக் கிட்னிக்கு ஒரு டோக்கன்

நான் பயோடெக்னாலஜி படித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. தருமபுரியில் அந்த வருடம் எல்லாரும் அதைத்தான் படித்தார்கள். கம்ப்யூட்டர் அலை ஓயப்போகிறது, அடுத்தது இதுதான் என்று எங்கள் மாமா ஒருவர் கல்யாணப் பந்தியில் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு எங்கள் குடும்பத்தில் மட்டும் மூன்று பேர் சேர்ந்தோம். எம்.எஸ்சி. முடித்து பெங்களூர் வந்து பார்த்தால் அலை வந்தபாடில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கால் சென்டரில் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைவிட விசித்திரமான வேலை கிடைத்தது. வைட்ஃபீல்டில் 'நாளைய நலவாழ்வு மையம்' என்றொரு அலுவலகம். அங்கே எதிர்காலத்தைத் தமிழில் எழுத வேண்டும்.

மையத்தில் ஒரு சோதனைக் குழாய்கூடக் கிடையாது. மேசைகள் இருந்தன, வெள்ளைப் பலகைகள் இருந்தன, வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் ஆசீர்வாதம் இருந்தது. இயக்குநர் சீனிவாசராகவன் சாருக்கு நிகழ்காலத்தில் ஈடுபாடு குறைவு. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் யோசிப்பார். 2025-ல் ஒரு மனிதனின் உடம்பில் எத்தனை உறுப்பை மாற்றலாம் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். ஜீனோம் என்று யாராவது தும்மினால்கூட அவருக்கு முகம் மலர்ந்துவிடும். அவர் ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கைகளைப் பொதுமக்களுக்குப் புரியும்படி சின்னச் சின்னத் தமிழ்ப் புத்தகங்களாக மாற்றுவது என் வேலை.

அப்படி நான் மாற்றிய ஒன்றுதான் 'நாளைய உடம்பு'. அதன் ஒன்பதாம் பக்கத்தில் ஆய்வகத்தில் வளர்க்கும் சிறுநீரகம் பற்றி வரும். ஆங்கிலத்தில் அந்தப் பக்கத்தில் ஏழு 'ஒருவேளை' இருந்தது. படிக்க ஓட்டமாக இருக்கட்டுமே என்று நான் ஏழையும் எடுத்துவிட்டேன். "2010-ல் உங்கள் செல்லிலிருந்தே உங்களுக்கான புதிய சிறுநீரகம் தயார்!" என்று முடித்து, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டேன். சார் தோளைத் தட்டிப் பாராட்டினார். அது 2003-ஆம் வருடம். அந்த ஆச்சரியக்குறியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

எங்கள் அலுவலக வேனை ஓட்டியவர் கோவிந்தப்பா. அல்சூரை ஒட்டிய மர்பி டவுன்காரர், வயது நாற்பத்து நான்கு. காலையில் அங்கிருந்து கிளம்பி, நான் குடியிருந்த ஈஜிபுராவில் என்னை ஏற்றிக்கொண்டு, மாரத்தஹள்ளி நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று, வைட்ஃபீல்டு போவோம். பிரஷரைக் கவனிக்காமல் விட்டதில் போன வருடம் அவருடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்குப் போவார், அன்று வேறு ஆள் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் அவரே. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்பதால், நெரிசலில் தாகம் எடுத்தால் ஒரு துண்டு எலுமிச்சம்பழத்தை வாயில் அடக்கிக்கொள்வார். அதையும் ஏதோ பான்பீடா மாதிரி மிடுக்காகத்தான் மெல்லுவார்.

புத்தகக் கட்டுகளை அச்சகத்திலிருந்து கொண்டு வருபவரும் அவர்தான். வண்டி நின்றால் போதும், ஒன்றைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

"மேடம், ஒம்பதாம் பக்கம் நீங்க எழுதினதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆமாண்ணா."

"சூப்பரா கீது. 2010ன்னா இன்னும் ஏழு வருசம். இந்த ஃப்ளைஓவர முடிக்கவே அவ்ளோ நாள் ஆவும். பர்வால்ல, வெயிட் பண்லாம்."

நான் சிரித்தேன். அவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதிலிருந்து இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரத்த குரூப் எழுதிய சீட்டு என்று வரிசையாக எடுத்து வைத்தார்.

"எதுக்குண்ணா இதெல்லாம்?"

"கிட்னிக்கு மேடம். எங்க ஏரியாவுல எதுவா இருந்தாலும், வருதுன்னு காதுல விழுந்த அன்னிக்கே போயி கல்லு வச்சிடணும். லேட்டானா போச்சு."

மர்பி டவுனில் அது ஒரு சட்டம். தண்ணீர் லாரிக்கோ மண்ணெண்ணெய்க்கோ இலவசக் கண் முகாமுக்கோ யாரும் கால் கடுக்க நிற்க மாட்டார்கள். ஒரு கல்லையோ, ஒற்றைச் செருப்பையோ, ஓட்டை வாளியையோ வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தச் செருப்பு அந்த ஆளுக்குச் சமம். அதை நகர்த்தியவன் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. கோவிந்தப்பா 2010-ஆம் வருடத்து வரிசையில் தன் கல்லை வைக்க வந்திருந்தார்.

உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். ஆனால் அன்று அரையாண்டு அறிக்கைக்குக் கடைசி நாள். சார் உள்ளேயிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது. மையத்தின் தாளில் பாதியைக் கிழித்து, "கோவிந்தப்பா. சிறுநீரகம். வரிசை எண் 1" என்று எழுதி, கையோடு கையாக ரவுண்ட் சீலையும் குத்திக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு ஏதோ நல்ல காரியம் செய்த மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நம் ஊரில் ரவுண்ட் சீல் குத்திய காகிதம் என்ன பாடு படுத்தும் என்று அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. ரிசப்ஷனில் பதினோரு பேர், எல்லாரும் மர்பி டவுன், எல்லார் கையிலும் போட்டோ. டெய்லர் பிரகாஷுக்குத் தலையில் முடி வேண்டும். ஆட்டோ ஓட்டும் தினேஷுக்கு இரண்டு முழங்காலும் புதிதாக வேண்டும். முழுகாமல் இருந்த சோனியாவுக்குப் பிறக்கப்போகும் குழந்தை கணக்கில் புலியாக இருக்க வேண்டும். ஒரு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமியாருக்கு நாக்கை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டார். கடைசியாக நின்றவரைப் பார்த்தால் கல்லு மாதிரி இருந்தார்.

"உங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு வரும்ல? அப்ப நான் கடைசில நிக்கணுமா?"

நான் எல்லாரையும் திருப்பி அனுப்பப் பார்த்தேன். அதற்குள் சீனிவாசராகவன் சார் வந்துவிட்டார். "சௌம்யா, இது என்ன தெரியுமோ? இதுதான் பப்ளிக் டிமாண்ட்! நன்னா குறிச்சுக்கோ, ஒருத்தரையும் விட்டுடாதே" என்று குதித்தார். ஒரு நீளப் பதிவேடு போட்டோம். இரண்டு வாரத்தில் ஐம்பத்து மூன்று பேர். அறக்கட்டளைக்காரர்களுக்கு அதைப் படமாக வரைந்து அனுப்பினார். உடனே அவர்கள் நேரில் வந்து பார்ப்பதாக எழுதினார்கள்.

இதுவரைக்கும் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈஜிபுராவில் என் வீட்டு வாசலில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றார். ஒடிசலான உடம்பு, பள்ளிக்கூட ஆயா கட்டும் நீலப் புடவை.

"நீங்கதானே சீட்டு குடுத்த மேடம்? நான் சின்னத்தாயி. உங்க டிரைவர் சம்சாரம்."

"வாங்கக்கா, உள்ள வாங்க."

"உள்ளல்லாம் வரலம்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எனக்கு ரெண்டு கிட்னி கீது. ஒண்ணு அவருக்குச் சேரும்னு டாக்டரே சொல்லிட்டாரு. போன மாசமே அல்லா டெஸ்டும் முடிஞ்சிபோச்சு. கையெழுத்து போட வாய்யான்னு கூப்ட்டா, இந்த மனுசன் உங்க சீட்டக் காட்றாரு. 'எனக்கு நம்பர் ஒண்ணு வந்திடுச்சு, உன்னுது வேணாம்'ன்றாரு. இன்னாம்மா சீட்டு அது?"

துணியைப் பிழிவதற்காக முறுக்கிய கை அப்படியே நின்றது.

"டாக்டர் எவ்வளவு நாள் காத்திருக்கலாம்னு சொன்னார்?" என்று கேட்டேன்.

"டயாலிசிஸுக்கு ஊசி குத்தற எடம் ரெண்டு தடவ அடைச்சிக்கிச்சு. மூணாவது எடம் தேடிக்கினு கீறாங்க. ஹார்ட்டு வேற வீங்குதாம். ஏழு வருசம்லாம் தாங்குமான்னு டயாலிசிஸ் நர்சு கேத்தரின் சிஸ்டர கேட்டேன். அவங்க என் மூஞ்சப் பாக்காம, 'சீக்கிரம் பண்ணிடுங்க தாயி'ன்னு சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சிபோச்சு." அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும். "பத்தாவது படிக்கிற பொண்ணு கீது எங்களுக்கு. சீட்டு குடுத்தது நீங்க. வாங்கறதும் நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மாரத்தஹள்ளியில் வண்டி நின்றதும் நான் ஆரம்பித்தேன்.

"அண்ணா, அந்த ஒன்பதாம் பக்கம் சும்மா. இப்போதைக்கு உலகத்துல எங்கயும் யாருக்கும் அப்படி ஒரு கிட்னி வளரலை."

"இப்போதைக்கு வளரல. 2010லதானே வளரும்? அதான் முன்கூட்டியே கல்லு வச்சிட்டேன்."

"2010லயும் வராது. 2025லயும் வருமோ என்னமோ."

"அப்ப இன்னாத்துக்கு எழுதினீங்க?"

நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "சீட்டைக் குடுங்க, தப்பா எழுதிட்டேன்" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். லாமினேட் பண்ணி வைத்திருந்தார்.

"ரவுண்ட் சீல் கீது மேடம். இனிமே நீங்களே அழிச்சாலும் அழியாது."

"ஏண்ணா, அக்கா குடுக்கறேன்னு சொல்றாங்களே, வாங்கிக்கிட்டா என்ன?"

அவர் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தார். பஸ் பாவம், அதுவும் எங்களைப் போல மாட்டிக்கொண்டுதான் நின்றது. "லேப்புப் பொட்டில வளர்ந்து வந்தா யாருக்கும் வலிக்காது மேடம்" என்றார். பிறகு எலுமிச்சந்துண்டை வாயில் அடக்கிக்கொண்டார். அவருக்கு அந்தச் சீட்டின்மேல் முழு நம்பிக்கை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவியை அறுக்க விடாமல் இருக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். சீல் குத்திய சாக்காக நான் ஒன்றைக் கொடுத்திருந்தேன்.

சாரிடம் போய், சீட்டெல்லாம் செல்லாது என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சௌம்யா, எதிர்காலத்தை கேன்சல் பண்றது நம்ம மையத்தோட கொள்கைக்கே விரோதம்" என்றார்.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அறக்கட்டளைக்காரர்கள் இருவர் வந்தார்கள். அவர்களுக்காகச் சார் ஒரு பயிலரங்கு ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு 'எதிர்காலத்தில் வாழ்ந்து பார்த்தல்' என்று பெயர். பொதுமக்கள் 2025-ல் ஒரு மருத்துவமனை எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து விருந்தாளிகளுக்கு மொழிபெயர்க்க வேண்டும். கூடத்தின் நடுவில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்கு வெள்ளித்தாள் ஒட்டி, சிவப்பு பல்பு வைத்து, 'உறுப்பு வளர்க்கும் கருவி' என்று எழுதியிருந்தார்கள். மர்பி டவுன் ஆட்களைக் கோவிந்தப்பா இரண்டு நடையாகக் கொண்டு வந்து இறக்கினார். முதல் நடையிலேயே சின்னத்தாயியும் வந்திருந்தார்.

"பேரு குடுக்கல. நானும் ஒரு வேசம் கட்லாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"கட்டுங்கக்கா. என்னவா வரீங்க?"

"நானாவேதான்."

டாக்டர் வேடம் குலுக்கலில் தினேஷுக்கு விழுந்தது. வெள்ளைக் கோட்டு அவர் தொப்பைக்கு மேல் பொத்தான் போட மறுத்தது. ஒரு வருடத்தில் பாதியாக இளைத்திருந்த கோவிந்தப்பாவுக்கு அது தைத்த மாதிரி பொருந்தியது. ஆகவே அவரே டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுக்கொண்டதும் மனிதர் ஆளே மாறிவிட்டார்.

முதலில் பிரகாஷ் போனார். "டாக்டர், முடி."

"போட்டோ ரெண்டு காப்பி எங்க?"

"ஒண்ணுதான் கீது."

"அப்ப ஒரு பக்கம்தான் வளரும். இன்னொரு காப்பி எடுத்துக்கினு நாளைக்கு வா. ஆயித்து, முடிஞ்சிது. அடுத்தவங்க!"

கூடம் சிரித்து உருண்டது. சோனியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, பிள்ளைக்குக் கணக்கு வரவேண்டும் என்றார். கோவிந்தப்பா அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கணக்கு ஸ்டாக் இல்லம்மா. டிராயிங் கீது, தரட்டுமா?" என்றார். தினேஷிடம் இடது முழங்கால் மட்டும்தான் வந்திருக்கிறது, வலது அடுத்த மாதக் கோட்டாவில் வரும், அதுவரை நொண்டிக்கொள்ள வேண்டியது என்றார். சீனிவாசராகவன் சாருக்கு வியர்த்துவிட்டது. "இது 2025 இல்லைடி, அல்சூர் ரேஷன் கடை" என்று என் காதில் புலம்பினார். விருந்தாளிகள் இருவரும் என்னைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தவங்க!"

சின்னத்தாயி எழுந்தார். மகளுடைய முகப்பவுடரைக் காதோரத்து முடியில் அப்பிக்கொண்டிருந்தார். அது நரை என்று புரிந்து மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் மெதுவாக நடந்து வந்து, கருவிப்பெட்டியின் பக்கத்தில் நின்று, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த வெள்ளித்தாளில் ஒட்டினார். பெண்கள் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது. ஆண்களுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏய் தாயி, இன்னா இது?" என்றார் கோவிந்தப்பா.

"டாக்டர் மாதிரி பேசுங்க டாக்டர். இது 2025."

அவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்பர்?"

"ஒண்ணு." சின்னத்தாயி லாமினேட் செய்த சீட்டை மேசையில் வைத்தார். காலையில் புருஷன் சட்டையை மாற்றும்போது எடுத்திருக்க வேண்டும். கோவிந்தப்பாவின் கை தன்னால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது.

"கோவிந்தப்பான்னு எழுதிக்கீது. நீங்க யாரு?"

"அவரு சம்சாரம். அவரு வரல."

"ஏன்?"

"2005லயே பூட்டாரு. 2010ல கிட்னி வரும்னு சொன்னாங்க. வரல. இப்பதான் பேப்பர்ல பாத்தேன், வந்திடுச்சாமே. அவரு நம்பர் வீணாப் போவக்கூடாதுன்னு எடுத்துக்கினு வந்தேன். வேற யாருக்கனா குடுத்திடுங்க."

வெளிநாட்டு அம்மாள் என் கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று சைகையால் கேட்டார். அந்த நேரத்தில் எனக்குத் தமிழும் தெரியவில்லை, இங்கிலீஷும் தெரியவில்லை.

கோவிந்தப்பா ஸ்டெதாஸ்கோப்பின் குழாயை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டராகவே ஏதாவது சொல்லித் தப்பித்துவிடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "உங்களுக்கு உடம்பு எப்படிம்மா கீது? கிட்னி ரெண்டும் நல்லா கீதா?"

"ரெண்டும் நல்லா கீது டாக்டர். இருபது வருசமா ரெண்டும் நல்லா வேலை செய்யுது. அதான் தூக்கம் வரமாட்டேங்குது."

சோனியா விசும்பினார். மாமியாரின் நாக்குக்குப் பதிவு செய்த அம்மாள் அந்த மாமியார் தோளிலேயே சாய்ந்துகொண்டார். கோவிந்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்து சீனிவாசராகவன் சாரைப் பார்த்தார்.

"சார், வண்டிய ரிவர்ஸ் எடுக்கணும். 2003க்கு."

"இல்லைப்பா, காட்சி வருஷம் 2025. அதை மாத்த முடியாது, மெத்தட் கெட்டுடும்."

"மெத்தட்டு கெடட்டும் சார்." கோட்டைக் கழற்றினார். மாட்டிக்கொண்டு வர மறுத்த ஒரு பொத்தான் இழுத்த இழுப்பில் அறுந்து விழுந்தது. சின்னத்தாயியிடம் திரும்பினார். "எனக்கு பயம்டி. என்னையாவது வாரா வாரம் குத்திக் குத்திப் பழகிடுச்சு. உன்ன எதுக்கு அறுக்கணும்? இடுப்புல இவ்ளோ நீளம் கீறுவாங்களாம், சிஸ்டர் சொன்னாங்க. உனக்கு வலிக்கும்ல?"

"வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்? உன்னக் கேட்டனா? ஷில்பாவப் பெத்தப்போ வலிக்கல? அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய டீ குடிச்சிக்கினு இருந்த."

"அது வேற."

"ஒரு மண்ணும் வேற இல்ல. கையெழுத்து போடறியா இல்லியா? இத்தினி பேரு எதிர்ல சொல்லு."

அவர் இத்தனை பேரையும் பார்த்தார். பிரகாஷ் வழுக்கைத் தலையை ஆட்டி, போடு என்றார். தினேஷ் போடு என்றார்.

"போடறேன். நாளைக்குப் போயி சிஸ்டர் கிட்ட..."

"நாளைக்கு இன்னா நாளைக்கு? நாளைக்கு ஞாயித்துக்கெழம. இப்பவே வா. வண்டி வெளியதானே நிக்குது?"

சின்னத்தாயி பொட்டை அட்டைப்பெட்டியிலிருந்து பிய்த்து எடுத்தார். வெள்ளித்தாளும் சேர்ந்து கிழிந்து வந்தது. அதை அப்படியே நெற்றியில் ஒட்டிக்கொண்டு, புருஷன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வாசலில் வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்ட பிறகுதான் சாருக்கு நிலைமை விளங்கியது. நாற்பது பேர், இரண்டு வெளிநாட்டு விருந்தாளிகள், நடு வைட்ஃபீல்டு, பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. "சௌம்யா! வண்டியை நிறுத்து! ஓடு!" என்று கத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால், இரண்டும்தான். அந்தக் காட்சிக்கு மையத்தின் அறிக்கையில் இரண்டே வரிதான் இடம் கிடைத்தது. எதிர்காலத் தொழில்நுட்பம் எதுவும் இதில் பயன்படவில்லை என்று சார் எழுதிவிட்டார். 'நாளைய உடம்பு' மறுபதிப்பு வந்தபோது ஏழு 'ஒருவேளை'யையும் நான் திரும்பப் போட்டேன். ஓட்டம் போய்விட்டது என்று சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அக்டோபரில் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். சின்னத்தாயி பெண்கள் வார்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். விலாவில் பெரிய கட்டு. கொடுத்த கிட்னி முதல் நாளே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, மூத்திரப் பை நிரம்பி நிரம்பி மாற்றி மாளவில்லை என்று கேத்தரின் சிஸ்டர் ஏதோ தன் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னார். வாங்கியவரைவிடக் கொடுத்தவருக்குத்தான் வலி அதிகம் இருக்கும் என்றும் சொன்னார். சின்னத்தாயி இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டார். பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் பல்லைக் கடித்தார்.

"அவரு நல்லா கீறாரா?"

"நல்லா இருக்காருக்கா. இப்ப அங்கதான் போறேன்."

"ரொம்ப வலிக்குதும்மா. உயிர் போவுது. அவரு கேட்டா இல்லன்னு சொல்லிடு."

கோவிந்தப்பாவைத் தனி அறையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மாஸ்க் கட்டிக்கொண்டு வாசலோடு நின்று இரண்டு நிமிடம் பேசலாம் என்று சிஸ்டர் அனுமதித்தார். முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய ஆள் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவளுக்கு வலிக்குதா மேடம்?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடக்காததை எல்லாம் நடக்கும் என்று எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். ஒரு பொய்யை மனதாரச் சொன்னது அன்றைக்குத்தான்.

"இல்லவே இல்லைண்ணா. வலியே இல்லையாம். அக்கா சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காங்க."

அவர் கூரையைப் பார்த்தார். கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு இறங்கித் தலையணையில் போனது.

"அப்ப ரொம்ப வலிக்குது போல" என்றார்.